காப்பர் ஒயர் திருட்டு: பழைய இரும்புக் கடையில் "பேசி முடிக்க" ஒத்துக்கொள்ளாதீர்கள்

திருப்பூர், ஈரோடு பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் பம்ப்செட் ஒயர் திருட்டு ஓயவே இல்லை. எங்கள் தோட்டத்திலும் போனது. ஒயர் போனதைவிட, அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடையிலும் ஸ்டேஷனிலும் நடந்ததுதான் மனதை அதிகமாகப் புண்படுத்தியது. நாளைக்கு உங்களுக்கும் இதே நடக்கலாம்.

மோட்டார் ரூமிலிருந்து போர் வாய் வரைக்கும் 60 மீட்டர். 4 ஸ்கொயர் எம்.எம்., மூன்று கோர் பட்டைக் கேபிள். வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள். ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கித் திண்டில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் கேபிளை இரண்டு முனையிலும் வெட்டியிருக்கிறார்கள். டெலிவரி லைனில் இருந்த பித்தளை கேட் வால்வையும் கழற்றிக்கொண்டார்கள். பின்னால் ஓடைக்குள் போய்ப் பார்த்தால் கருகின பிளாஸ்டிக் நாற்றம், கறுப்புச் சாம்பல். அங்கேயே கொளுத்தி, செம்பை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த அளவு கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 கிராம் செம்பு இருக்கும். 60 மீட்டருக்கு 6 கிலோ. எரித்த செம்புக்கு அடிமாட்டு விலைதான், திருடின ஆள் கையில் நாலாயிரம் நின்றால் அதிகம். எனக்குப் புதுக் கேபிள் மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல் ஆனது. மெக்கானிக் கூலி தனி. ஒயர் வந்து மாட்டுகிற வரைக்கும் தக்காளி வாடினது தனி. திருடனுக்குக் கிடைக்கிற காசு சின்னது, பறிகொடுத்தவனுக்கு விழுகிற அடி பெரியது. அந்தச் சின்னக் காசும் அவனுக்கு அன்றைக்கே ரொக்கமாகக் கிடைத்துவிடுகிறது. அதைக் கொடுக்கிற இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நானும் மச்சானும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பழைய இரும்புக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு கடையில் எடைமேடைக்குப் பக்கத்தில், பித்தளைக் குவியலில் எங்கள் வால்வு கிடந்தது. அது அப்பா காலத்து வால்வு. பாடியில் அவர் உளி வைத்துத் தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கொத்தியிருப்பார். சக்கரம் உடைந்துபோனதால் ஒரு கம்பியை வளைத்து வெல்டிங் வைத்துக் கைப்பிடியாக்கியிருந்தோம். தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இது எங்க தோட்டத்து வால்வுங்க. யார் கொண்டுவந்து போட்டாங்க?" என்று கேட்டேன்.

"தினம் எத்தனையோ பேர் வர்றாங்கண்ணா. யார் பேரைன்னு எழுதி வைக்கறது? நான் எடைக்குக் காசு குடுத்து வாங்கிப் போட்டது. வேணும்னா கிலோ 450ன்னு போட்டு எடுத்துக்கங்க" என்றார்.

எங்கள் பொருளுக்கு எங்களிடமே விலை சொன்னார். சாக்கில் கருகின செம்பு ஒயர் சுருள்களும் இருந்தன. அது எங்களுடையதுதான் என்று நிரூபிக்க வழியில்லை. எரித்த செம்பில் எந்த அடையாளமும் மிஞ்சாது, எரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் எடையும் தொகையும் மட்டும்தான். பெயர் இல்லை, வண்டி நம்பர் இல்லை, ஆதார் நகல் இல்லை. கேமரா "ரிப்பேர்" என்றார்.

வால்வை, எழுத்து தெரிகிற மாதிரி பக்கத்திலிருந்தும், கடை போர்டு விழுகிற மாதிரியும் போனில் படம் எடுத்தோம். மச்சான் கடையிலேயே நின்றுகொண்டார், நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆள் நிற்காமல் வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் "லோடு போயிருச்சு" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதுதான் நடந்தது.

ஸ்டேஷனில் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும்) கொடுத்தார்கள். ஏட்டு ஒருவர் கடைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது: "வால்வு கிடைச்சிருச்சில்ல? கடைக்காரர் சும்மாவே தர்றேங்கறாரு. வாங்கிட்டுப் போங்க. கேஸ்னு போட்டா கோர்ட்டுக்கு அலையோணும்." கடைக்காரரும் உடனே வால்வைத் தூக்கி எங்கள் வண்டியில் வைக்க வந்தார்.

இங்கேதான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வால்வை நாங்கள் வாங்கியிருந்தால், திருட்டுப் பொருள் அந்தக் கடையில் இருந்தது என்பதற்கு ஒரே சாட்சியம் எங்கள் கையாலேயே அழிந்திருக்கும். பிறகு ஒயரைப் பற்றி யாரிடம் கேட்பது? போலீஸ் மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதுகிற பதிவு) போட்டுக் கைப்பற்ற வேண்டிய பொருளை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். காசு கொடுத்தும் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்தத் திருட்டு மாதிரி, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். நாங்கள் எஸ்.பி.க்கு அனுப்பினோம், படங்களையும் சேர்த்து. அதன் பிறகுதான் எஃப்.ஐ.ஆர். ஆனது, வால்வும் வழக்குச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர்கள் "தெரியாம வாங்கிட்டேன்" என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 317ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலோ மூன்று ஆண்டு வரை சிறை. இதையே வழக்கமான தொழிலாகச் செய்கிறவருக்கு ஆயுள் வரை போகலாம். கொத்தின எழுத்தோடு ஒரு பித்தளை வால்வும் சாக்கு நிறையக் கருகின செம்பும் பெயர் தெரியாத ஆளிடமிருந்து வந்தால், சந்தேகப்பட அதைவிட என்ன காரணம் வேண்டும்? ரயில்வே பொருளுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது: திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்பட இடமிருக்கிற ரயில்வே சாமான் ஒருவர் கையில் இருந்தால், அது முறையாக வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். விவசாயியின் ஒயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வரிக் கணக்கிலும் இந்தக் கடைகள் பிடிபடுவதில்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்குகிற பதிவு பெற்ற வியாபாரி தானே வரி கட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் 40 லட்சத்துக்குக் கீழே விற்றுமுதல் காட்டுகிற ஊர்க் கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. திருடன் பொருளைப் போடுவது அந்த ஊர்க் கடையில். பில், கணக்கு என்று காகிதம் பிறப்பது அடுத்த கையில், பெரிய குடோனில். அங்கே போய்ச் சேரும்போது எங்கள் ஊர் ஒயரும் உங்கள் ஊர் ஒயரும் ஒரே மூட்டையில் இருக்கும்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரயில்வே சிக்னல் கேபிள், சர்ச் கூரை ஈயத்தகடு, போர் நினைவுப் பலகை என்று எதையும் விடாமல் திருடினார்கள். 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள். 2013 சட்டத்தில் ஒவ்வொரு கடையும் உள்ளாட்சி அமைப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்க வேண்டும், மூன்று ஆண்டுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே 2021 விதிகளின்படி பழைய வண்டியை உடைக்கிற அங்கீகரிக்கப்பட்ட மையம், அது திருட்டு வண்டியா என்று போலீஸ் தகவலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு முடிகிறது என்றால் செம்புக்கு ஏன் முடியாது?

பேப்பர், பாட்டில், தகரம் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறவர்களை இதில் இழுக்கக் கூடாது. அவர்களிடம் ஆதார் கேட்டு அலைக்கழித்தால் பாவம் அவர்கள்தான் கஷ்டப்படுவார்கள், திருட்டு நிற்காது. செம்பு, பித்தளை, அலுமினியம் இந்த மூன்றுக்கு மட்டும் போதும். விற்பவரின் அடையாள நகல், வண்டி நம்பர், பொருளின் போட்டோ, பணம் பேங்க் கணக்குக்கு மட்டும், வாங்கின பொருளை ஒரு வாரமாவது உடைக்காமல் உருக்காமல் தனியாக வைப்பது, எரித்த ஒயரை வாங்கவே கூடாது என்ற தடை. நேர்மையாகத் தொழில் செய்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒருவர் எங்களுக்காக நாலு கடைக்குப் போன் போட்டு விசாரித்துக் கொடுத்தார். அவருக்கு இந்த விதிகளால் ஒரு நஷ்டமும் இல்லை.

இதற்கிடையில் உங்கள் வால்வு, ஃபுட் வால்வு, மோட்டார் எல்லாவற்றிலும் மறைவாக ஓர் இடத்தில் எழுத்துக் கொத்தி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியில் ஓடுகிற கேபிளை ஜி.ஐ. பைப்புக்குள் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். கைப்பற்றின பொருளை வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் பி.என்.எஸ்.எஸ். 497ஆம் பிரிவில் கோர்ட்டில் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மனு நிலுவையில் இருக்கிறது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மேலே சொன்ன கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கப் போகிறோம். ஒயர் பறிகொடுத்தவர்கள் சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகலும் கேபிள் பில்லும் எடுத்துக்கொண்டு வாருங்கள். புகாரே கொடுக்காமல் விட்டவர்கள் இப்போதாவது கொடுங்கள். பதிவாகாத திருட்டு அரசாங்கக் கணக்கில் நடக்காத திருட்டு.