"கன்னியாகுமரி வரைக்கும் அசங்காது அண்ணே" என்று சொல்லி ரூ.72,000 வாங்கிக்கொண்டார்கள்

பழைய க்ரூஸர் பைக் (தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி ஓட்டும் நீள வண்டி) தேடிக்கொண்டிருக்கும் டெல்டாக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என்னுடைய ரூ.72,000 போய்விட்டது. வண்டி மன்னார்குடியில் ஒரு மெக்கானிக் கடையில் என்ஜினைப் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. ஆர்.சி. இன்னும் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது, அதுவும் ஃபைனான்ஸில்.

வண்டி 2017 மாடல் பஜாஜ் அவெஞ்சர் 220, அதாவது 220 சிசி என்ஜின். தயாரித்த கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்றது தஞ்சாவூர்ப் பக்கம் பழைய பைக்குகளை வாங்கி விற்கும் ஒரு கடை. பழைய பொருட்கள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் போட்டிருந்தார்கள்: "லாங் ரைடு வண்டி, 19,000 கி.மீ., சிங்கிள் ஓனர்."

சம்பா நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறியிருந்த நேரம். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். "இந்த சின்ன என்ஜினை வச்சுக்கிட்டு ராமேஸ்வரம் போவியா? 350 வாங்கு, இல்லன்னா பஸ்ல போ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கடையிலும் அதையேதான் கேட்டார்.

கடைக்காரர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. டீ சொல்லிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மாமாவிடம் பேச ஆரம்பித்தார். "நம்ம ஊர்ல மேடு எங்க இருக்கு பெரியவரே? சமதரை. 80ல வச்சா நாள் பூரா போகும். டேங்க் 13 லிட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 35 கொடுத்தாக்கூட 450 கிலோமீட்டர். 350 வண்டிங்க கனம், இது அதைவிட லேசு. சீட்டு தாழ்வு, ரெண்டு காலும் நல்லா ஊனும். கன்னியாகுமரி வரைக்கும் அசங்காது அண்ணே." கடைசி வரி எனக்கு. அப்புறம் போனைத் திறந்து, பாம்பன் பாலத்தில் இதே நிற வண்டி பின்னால் பை கட்டிக்கொண்டு நிற்கும் போட்டோவைக் காட்டினார். "இதே வண்டிதான்."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் க்ரூஸரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. விவரம் தெரிந்த ஆள். அந்த விவரத்தைக் கேட்டு மாமாவே தலையாட்டிவிட்டார். என் முன்னால் நின்ற அந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னதுதான் அத்தனையும் பொய்.

ஆர்.சி. கேட்டேன். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கு, பெயர் மாத்த இப்பவே கொடுத்து வச்சிருக்கோம்" என்று ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி மட்டும் கருப்பாக விழுந்திருந்தது. கேட்டதற்கு, மெஷினில் டோனர் சரியில்லையாம். ரூ.40,000 ஜிபேயில் போட்டேன், கடை பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆள் பெயருக்கு. மீதி ரூ.32,000 ரொக்கம். பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் "பைக் பணம் ரூ.72,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கிறுக்கலாக ஒரு கையெழுத்து. சீல் கிடையாது.

ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. முதல் நீண்ட பயணம் ராமேஸ்வரத்துக்கு. பட்டுக்கோட்டை வழியாகப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தேன். மனோரா வரை வண்டி அருமையாகப் போனது. கட்டுமாவடி தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் நீலம் கலந்த புகை. மீமிசல் போவதற்குள் இழுவை குறைந்து, என்ஜின் இறுகி நின்றுவிட்டது. உப்புக்காற்றில் ரோட்டோரம் காத்துக் கிடந்து, குட்டி யானை பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அந்த வாடகை தனி.

மெக்கானிக் ஆயிலை வடித்தார். ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. வந்ததும் கூழ் மாதிரி. "பிஸ்டன் ரிங் போன வண்டி தம்பி, ஆயில் மேல ஏறி எரியுது. புகை தெரியாம இருக்க கெட்டி ஆயிலை ஊத்தி வித்திருக்கான்" என்றார். அப்புறம் பிரேக் பெடலைக் காட்டினார். மேலே இருக்க வேண்டிய வரிகள் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று கண்ணாடியாகிவிட்டது. கால் வைக்கும் ரப்பரில் குதிகால் பட்ட இடம் குழி. "19,000 ஓடின வண்டியா இது? மீட்டரைத் திருப்பியிருக்கான்." "புது டயர்" என்று சொன்ன பின் டயரில் 1117 என்று அச்சு. 2017-ஆம் ஆண்டு 11-வது வாரம் தயாரானது என்று அர்த்தம்.

போன் போட்டேன். முதல் நாள் "முதலாளி குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கார் அண்ணே." அடுத்து "வெள்ளிக்கிழமை பேசுறேன் சார்." வெள்ளிக்கிழமை போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் அதே ஆள், அதே நாற்காலி. டீ மட்டும் இல்லை. வாய் கூசாமல் சொல்கிறார்: "220லாம் லாங் போற வண்டியா சார்? ஊருக்குள்ள ஓட்டுறது. நீங்க ராமேஸ்வரத்துக்கு எடுத்துட்டுப் போனா நாங்க என்ன பண்றது?"

ரூ.72,000 வாங்கும்போது கன்னியாகுமரி வரைக்கும் அசங்காது. திருப்பிக் கேட்டால் ஊருக்குள் ஓட்டும் வண்டி!

இந்தச் சாக்கை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சின்ன க்ரூஸரில் நெடுந்தூரம் தாராளமாகப் போகலாம். குறைகள் உண்டு. 80, 85க்கு மேல் முறுக்கினால் அதிர்வு கையில் ஏறும். இருவழிச் சாலையில் வேகமாகப் போகும் பஸ்ஸை முந்த நினைத்தால் முன்னாலேயே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும், சட்டென்று பாயாது. கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளம் வந்தால் எழும்பி நிற்க முடியாது, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். பின்னால் ஆள் இருந்தால் நம் ஊர் வேகத்தடைகளில் வண்டியின் அடிவயிறு உரசும். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள், நீள வண்டியை அதில் சட்டென்று ஒடிக்க முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அதே சிரமம்தான். ஸ்போக் வீல் மாடலில் டியூப் டயர், பஞ்சரானால் கடை தேடித் தள்ள வேண்டும். இவ்வளவும் உண்மை. ஆனால் இதில் எதுவும் பிஸ்டன் ரிங்கைத் தின்னாது. ஆயிலும் ரிங்கும் ஒழுங்காக இருக்கிற 220, நடுவில் இறங்கி இறங்கி முதுகை நிமிர்த்திக்கொண்டு போனால், ராமேஸ்வரம் போய்த் திரும்பிவிடும்.

அடுத்த இடி, வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில். நம்பரைப் போட்டால் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கிறது. ஜெராக்ஸில் கருப்பாக இருந்த வரி அதுதான். கடனைக் கட்டி முடிக்காமல், கடன் தீர்ந்தது என்று காட்டும் படிவம் 35 வராது, ஃபைனான்ஸ்காரர்கள் சம்மதிக்காமல் என் பெயருக்கும் மாறாது. நாளைக்கே அவர்கள் வந்து வண்டியைத் தூக்கினாலும் நான் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றதும் பொய்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. நம்பரைச் செயலியில் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் ஆர்.சி. கையில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் உரிமையாளர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், மாமாவை அல்ல. தனி ஆள் பெயருக்கு ஜிபே போடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. ரூ.5 லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் போடப் போகிறேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, அந்தக் கருப்பு வரி ஜெராக்ஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ரூ.72,000 சார். மெக்கானிக் கூப்பிடுகிறார், என்ஜின் சிலிண்டரைக் கடைந்து போர் போட எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்கு. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.