மாகாளிக்கிழங்கு ஊறுகாய்: நடுநரம்பு எடுத்தது, மோரில் ஊறியது

மாகாளி ஊறுகாய் எங்கே வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நடுநரம்பை எடுத்தார்களா, இல்லையா? மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் ஒரு மாமியிடம் கால் கிலோ வாங்கினேன். சுத்தமாக எடுத்திருக்கிறார். கிழங்கை ஊறப்போட்டு, மண் போகத் தேய்த்து, தோல் சீவி, நீளவாக்கில் பிளந்தால் உள்ளே குச்சி மாதிரி கெட்டியாக ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டால் எத்தனை மாதம் ஊறினாலும் சக்கைதான். இதில் துண்டுகள் சுண்டுவிரல் நகம் அளவுதான். கடித்தால் நறுக்கென்று இருக்கிறது.

புளிப்புக்குப் புளித்த மோர்தான் விட்டிருக்கிறார். சில கடை பாட்டில்களில் வினிகர் வாடை தூக்கலாக வந்து கிழங்கின் மணத்தையே அமுக்கிவிடும். அந்த மணம் இல்லாமல் மாகாளி எதற்கு? நன்னாரிக்கு உறவான கொடி இது. வெனிலாவுக்கு மணம் தருகிற வெனிலினுக்கு மிக நெருக்கமான ஒரு வேதிப்பொருள் இதன் வேரில் இருக்கிறது. ஆந்திராவில் இதே வேரில் சர்பத் போடுகிறார்கள். பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்பார்கள். எங்கள் வீட்டிலேயே பாட்டில் திறந்தால் எழுந்து போகிறவர்கள் உண்டு. புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு துண்டை மோர் சாதத்தோடு தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

குறை என்றால் உப்புதான், ஒரு பிடி அதிகம். கொஞ்சம் கெட்டித் தயிர் கலந்ததும் சரியாகிவிட்டது. கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் அளவாக இருக்கின்றன.

விலை 220 ரூபாய். எலுமிச்சை ஊறுகாயோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் இந்தக் கிழங்கு பெரும்பாலும் காட்டிலிருந்துதான் வருகிறது. ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் பாறை இடுக்குகளில் தோண்டி எடுக்க வேண்டும். வேரை முழுக்கப் பிடுங்கினால் கொடியும் போயிற்று. அப்படித் தோண்டித் தோண்டியே இன்று அழியும் ஆபத்தில் உள்ள செடிகளில் ஒன்றாகிவிட்டது. அதனால் மலிவாகக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லை. வளர்த்தெடுத்த கிழங்கு கிடைத்தால் இன்னும் கூடக் கொடுத்து வாங்குவேன்.

வாங்குகிறவர்கள் கால் கிலோவே வாங்குங்கள், ஒரு வேளைக்கு இரண்டு துண்டு போதும். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.