மேயரை யார் தேர்ந்தெடுப்பது: மக்களா, கவுன்சிலர்களா?

சென்னை இரண்டு முறைகளையும் பார்த்துவிட்ட ஊர். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே மேயருக்கு வாக்களித்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னது அதிபர் ஆட்சி முறையின் சாயல். பின்னது நாடாளுமன்ற முறையின் சாயல்.

நேரடித் தேர்தலில் ராயபுரமும் அடையாறும் ஒரே பெயருக்கு வாக்களிக்கின்றன. அந்தப் பலத்தோடு வரும் மேயர் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் மாநகராட்சி மன்றத்தில் பெரும்பான்மை எதிரணியிடம் போனால் ஒவ்வொரு தீர்மானமும் இழுபறிதான். மக்கள் வாக்கும் முழுக் கவசமல்ல: 2001-ல் மீண்டும் வென்ற மு.க. ஸ்டாலின், ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று மறு ஆண்டு வந்த மாநிலச் சட்டத்தை அடுத்து மேயர் பதவியை இழந்தார்.

மறைமுகத் தேர்தலில் மன்றத்தோடு மோதல் இராது. மேயர் பெற்றிருப்பதோ 200 வார்டுகளில் ஒரு வார்டின் வாக்குகள் மட்டுமே. மீதி கட்சித் தலைமையின் தயவு.

என் ஓட்டு நேரடித் தேர்தலுக்கே. ஆனாலும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே இருக்கிறது. அவரை இரண்டு முறைகளிலும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை.