மலலசேகரவின் பாலிப் பெயர் அகராதி: எண் போட்டால் ஆள் பிரிந்துவிடுமா?

பாலி மொழி பௌத்த நூல்களில் வரும் பெயர்களை விளக்கும் இந்த அகராதியின் முதல் தொகுதியை மறுபடி பைண்டிங் செய்து வாங்கிவந்தேன். அதைப் பார்த்த நண்பர், 'இணையத்திலேயே கிடைக்கிறதே, நான் காசு போட்டு வாங்கலாமா?' என்று கேட்டார். அவர் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறார்.

1937, 1938-இல் வந்த இரண்டு தொகுதிகள். பல ஆண்டுகளாக என் மேசையிலேயே இருப்பவை. தையல் விட்டுப்போன இடம், கஸ்ஸபர் என்ற பெயருள்ளவர்களைப் பற்றிய பக்கங்கள். அதிகம் புரட்டியதும் அவற்றைத்தான். கோதம புத்தருக்கு முந்தைய புத்தர் ஒரு கஸ்ஸபர். ராஜகிருகத்தில் பௌத்தத் துறவிகளின் முதல் பேரவையைக் கூட்டியவர் மகாகஸ்ஸபர். உருவேலா, நதி, கயா என மூன்று சடாமுடிச் சகோதரர்கள், ஆயிரம் சீடர்களோடு புத்தரிடம் வந்தவர்கள். பாயாசி என்ற சிற்றரசனோடு வாதிட்டவர் குமாரகஸ்ஸபர். நன்மை தீமை எதற்கும் பலன் இல்லை என்று போதித்த பூரண கஸ்ஸபரும் உண்டு. இத்தனை பேரையும் ஆதாரத்தோடு ஒரே இடத்தில் பிரித்து வைத்திருப்பது அபாரமான உழைப்பு.

ஆனால் அந்த எண்கள்! ஒரே பெயர் என்றால் 1, 2, 3 என்று போட்டுவிடுகிறார். 'இவர் இன்னாராகவே இருக்கலாம்' என்ற எச்சரிக்கை பதிவின் கடைசியில்தான் வரும். எண்ணோ தலைப்பிலேயே நிற்கும். அதற்குள் வாசிப்பவர் மனதில் ஆட்கள் தனித்தனியாகிவிடுவார்கள்.

ஆடை துறந்த துறவி கஸ்ஸபரையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான தீக நிகாயத்தில், உஜுஞ்ஞா என்ற ஊரில் புத்தரிடம் தவத்தைப் பற்றிக் கேட்கிறார். இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில், ராஜகிருகத்தில் பிச்சைக்குப் போகும் புத்தரை நிறுத்தி, துன்பம் யாரால் உண்டாகிறது என்கிறார். அதே நிகாயத்தில் இன்னொரு இடத்தில் சித்தர் என்ற இல்லறத்தாரின் பழைய நண்பர், முப்பது ஆண்டு துறவி. மூன்றிலும் முடிவில் புத்தரின் சங்கத்தில் துறவு ஏற்று, முழு விடுதலை பெற்ற அரகந்தராகிறார். ஒருவரே மூன்று தடவை அரகந்தராக முடியாது, சரி. மூன்று பேரா, அல்லது ஒருவரைப் பற்றிய நினைவு மூன்று ஊர்களில் மூன்று விதமாகத் தங்கிவிட்டதா? இதை எந்த எண்ணும் தீர்க்காது.

பிரம்மதத்தன் பதிவுகளில் கோபம் இன்னும் ஏறும். பிரம்மஜால சுத்தம் என்ற உரையில் அவன் புத்தரைப் புகழும் மாணவன். துறவிகளின் ஒழுக்க விதிநூலான விநயத்தில் தீகாவு இளவரசனின் தந்தையைக் கொன்ற காசி மன்னன். ஜாதகங்களில் 'பிரம்மதத்தன் வாராணசியை ஆண்டபோது' என்றுதான் கதைக்குப் பின் கதை ஆரம்பிக்கிறது. அங்கே அது காலத்தைச் சொல்லும் வழக்கம், ஆளைச் சொல்வதல்ல. ராஜோவாத ஜாதகத்தில் போதிசத்துவரே, அதாவது பின்னாளில் புத்தராகப் போகிறவரே, பிரம்மதத்த குமாரனாகப் பிறக்கிறார். எதிரே தேரில் வரும் மல்லிக மன்னன், பின்னாளில் புத்தரின் சீடரான ஆனந்தர். இரண்டு தேரோட்டிகளில் ஒருவர் சாரிபுத்தர், மற்றவர் மொக்கல்லானர்; இவர்களும் பின்னாளில் புத்தரின் சீடர்கள். கதை முடிவில் புத்தர் சொல்லும் இந்த இணைப்புதான் ஜாதகத்தின் உயிர். பெயர் மாறிக்கொண்டே போகும், ஆள் தொடர்வார். அகராதி பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இந்த இணைப்புகளையும் மலலசேகர விடாமல் குறித்திருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். யார் எந்தப் பிறவியில் யார் என்று தேட இதைவிட நம்பகமான துணை எனக்குக் கிடைக்கவில்லை.

இருந்தாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் கதைகளை முழுதாகப் படிக்கட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் யார் யாராகப் பிறந்தார் என்பதைத் தானே ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அகராதி அப்புறம்.