மோட்டாருக்கு அஞ்சு வருஷம் வாரண்டி, மூடிக்கு?

ஃபுட் புராசசர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: "இதோட பவுலும் மூடியும் தனியா கிடைக்குமா? என்ன விலை?" பதில் உடனே வரவில்லை என்றால் அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய எங்கள் மெஷின், மோட்டார் புதுசாகவே இருக்க, மூடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் உடைந்ததால் சமையலறை மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே போடவில்லை.

வாங்கியது திருச்சியில், ஆடித் தள்ளுபடியில். வீட்டில் ஏழு பேர். மாமியாருக்கு மணிக்கட்டு வலி. காய் நறுக்குவதும் சப்பாத்தி மாவு பிசைவதும் அவருக்கு முடியவில்லை. கடை வாசலிலேயே மேஜை போட்டு டெமோ காட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பனியன் போட்ட தம்பி முட்டைக்கோஸை மேலே இருக்கும் குழாயில் திணித்தார், கீழே பொரியலுக்கு நறுக்கியது போலவே வந்து விழுந்தது. அடுத்து மாவு. ஒரு நிமிஷத்தில் உருண்டையாகத் திரண்டு வந்ததும் சுற்றி நின்ற எல்லோரும் "அட!" என்றார்கள். கிண்ணத்தில் இருந்தது மைதா, அதுவும் ரெண்டு கை அளவு, எண்ணெய் தாராளமாக. வீட்டில் முக்கால் கிலோ கோதுமை மாவைப் போட்டால் மெஷின் மேடையில் நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். டெமோ பார்க்கிறவர்கள், வீட்டு கோதுமை மாவையே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், "இதைப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று சொல்லலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அஞ்சு வருஷம் வாரண்டிக்கா, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க." இது அந்தத் தம்பி சொன்னது. கல்லாவில் இருந்தவரும் அதையே சொன்னார். பெட்டி மேலும் பெரிய எழுத்தில் ஐந்து வருடம் என்றுதான் இருந்தது.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எம்.ஆர்.பி. 14,995. அதை அடித்துவிட்டு 8,500 என்று எழுதியிருந்தார்கள். ஏதோ ஆறாயிரம் லாபம் மாதிரி தெரியும். ஆடி முடிந்து புரட்டாசியிலும் அதே மெஷின் அதே விலைதான், ஆன்லைனில் இன்னும் இருநூறு குறைவு. இது தெரிந்த கதைதான், விடுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மிக்சியையும் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் இப்போதும் வயிறெரிகிறது.

ஓடிய வரைக்கும் மெஷின் மோசம் என்று சொல்ல மாட்டேன். பீன்ஸ், கேரட், கோஸ் எல்லாம் நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். வெங்காயம் மட்டும் ஒரு நொடி கூட ஓடினால் கூழாகிவிடும். பட்டனை விட்டு விட்டுத்தான் அழுத்த வேண்டும். பெரிய பவுலில் நாலு பேருக்கான தேங்காய்ச் சட்னி அரைக்கவே முடியாது. விழுது எல்லாம் சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடு சும்மா சுற்றும். இட்லி மாவு பற்றிப் பேசவே வேண்டாம், அதற்கு கிரைண்டர்தான். ஆக, புராசசர் வந்தால் மிக்சி வேண்டாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அந்தத் துண்டு பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். பவுல் சரியாக உட்கார்ந்து, மூடியைத் திருப்பிப் பூட்டினால்தான் புராசசர் ஓடும். உள்ளே சுற்றும் பிளேடில் கை பட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எங்கள் மெஷினில் அது எப்படி இருக்கிறது என்றால், மூடியின் விளிம்பில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். மூடியைத் திருப்பும்போது அது பவுலின் கைப்பிடிக்குள் நுழையும். கைப்பிடிக்குள் ஒரு வெள்ளைக் குச்சி, அதன் அடியில் ஸ்பிரிங். நாக்கு குச்சியை அழுத்த, குச்சி கீழே இறங்கி மெஷினின் உடம்பில் இருக்கும் சுவிட்சைத் தொடும். அப்போதுதான் கரண்ட் போகும். மாவு பிசையும்போது மொத்த பவுலும் உதறுகிறது இல்லையா, அந்த உதறலை எல்லாம் இந்த நாக்கும் சேர்ந்துதான் தாங்குகிறது. வாங்கிச் சில மாதங்களில் அதன் அடியில் வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது. ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆயிரம் வாட்ஸ் மோட்டார் இருந்து என்ன, சுவிட்ச் அழுந்தவில்லை என்றால் அசையாது.

சர்வீஸ் சென்டரில் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் சொன்னது: "மோட்டார் நல்லாத்தானே இருக்கு மேடம். அஞ்சு வருஷம் மோட்டாருக்கு மட்டும்தான்." வாரண்டி கார்டை விரித்துக் காட்டினார். எறும்பு சைஸ் ஆங்கில எழுத்தில், மற்ற பாகங்களுக்கு ரெண்டு வருடம் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, பிளாஸ்டிக் பாகங்கள், ஜார், பிளேடு, ரப்பர் எதற்கும் வாரண்டி கிடையாது என்று இன்னொரு வரி. அந்த கார்டு சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தது. கடையில் பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை, "சீல் உடைஞ்சா ரிட்டர்ன் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், மூடி கொடுங்கள் என்றேன். ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் மூடி தனியாக வராது, பவுலோடுதான் வரும் என்றார்கள். அப்புறம் அந்த மாடலே நிறுத்தியாகிவிட்டது என்றார்கள். கடைசியில், பழையதைக் கொடுத்துவிட்டுப் புது மாடலை 25 சதவீதத் தள்ளுபடியில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மிக்சி விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி திட்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்த மிக்சி இன்றைக்கும் ஓடுகிறது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தால், ஜார் ஓட்டையானால், தெருமுனை ரிப்பேர் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். புராசசர் பவுல் அப்படி இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் அச்சு வேறு. ஒன்றின் மூடி இன்னொன்றில் பூட்டாது. கம்பெனி கை விரித்தால் கதை முடிந்தது.

ரிப்பேர் கடையில் ஒருவர், "அந்த சுவிட்சை டைரக்ட் பண்ணி விட்டுடறேன்க்கா, இருநூறு கொடுங்க, மூடி இல்லாமலே ஓடும்" என்றார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். மூடி திறந்திருக்கும்போதே பிளேடு சுற்றும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தே பார்க்க முடியாது. ஒட்டுப் பசையும் போட்டுப் பார்த்தாயிற்று, முதல் திருப்பிலேயே விட்டுவிட்டது.

கடையில் போய்க் கேட்டால் பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். பின்னால் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' இந்த ஸ்டாம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. எங்கள் பில்லில் இன்னொரு விஷமம்: 'ஃபுட் புராசசர் - 1' என்று மட்டும் போட்டிருந்தார்கள், மாடல் நம்பர் இல்லை. "இது அந்தக் கடையில வாங்கினதுதான்னு எப்படித் தெரியும்?" என்று சர்வீஸ் சென்டரில் கேட்டார்கள். மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பில்லில் ஏறும்வரை கல்லாவை விட்டு நகராதீர்கள். வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

டெமோ மெஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருப்பதுதான் உண்மையான வாட்ஸ். எங்கள் பெட்டியில் ஆயிரம், அடியில் 600. கேட்டால் அது 'பீக்', அதாவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எட்டும் உச்ச அளவு என்றார்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்பதும் பல மெஷின்களில் அங்கேயே இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். டெமோ மூடியின் நாக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். தடிமனாக இருக்கிறதா, அடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று. நாள் முழுக்க ஓடும் மெஷின் என்பதால் உண்மையை அதுவே சொல்லிவிடும். கடைக்குப் போவதற்கு முன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, வாங்க நினைக்கும் மாடலுக்கு பவுல் விலை கேளுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' (பழுது பார்க்கும் உரிமை) இணையதளத்தில் சில கம்பெனிகள் ஸ்பேர், சர்வீஸ் விவரங்களைப் போட்டிருக்கின்றன. நான் வாங்கிய பிராண்டை அங்கே தேடினேன், இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பதிந்த பிறகு கம்பெனியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். நிறுத்திவிட்டதாகச் சொன்ன அதே மாடலுக்கு எங்கிருந்தோ ஒரு பவுலும் கூரியரில் வந்தது. பிரித்துப் பார்த்தால் பவுல் மட்டும், மூடி இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "மூடி தனியா வராது மேடம்" என்றார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்த நாளிலிருந்து ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் வழி இருக்கிறது. பெட்டியில் 'ஐந்து வருடம்' என்று இருக்கும் பக்கத்தின் போட்டோ, அடித்தகட்டின் போட்டோ, கார்டின் அந்த எறும்பு எழுத்து வரிகள், பில்லின் இரண்டு பக்கங்கள் எல்லாவற்றையும் இணைக்கிறேன். இதே மாதிரி மூடி உடைந்து நிற்பவர்கள் யாராவது இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.