ஹுக் நார்ட்டன் பீர் ஆலை: சுற்றிப் பார்க்கவும் சுவைக்கவும்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், பான்பரி நகருக்குத் தென்மேற்கே உள்ள ஹுக் நார்ட்டன் கிராமத்தில், விக்டோரியா காலத்துக் கட்டடம் ஒன்றில் இன்றும் பீர் காய்ச்சப்படுகிறது. வழிகாட்டியுடன் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம். பழைய ஆலைகள் பலவற்றில் இயந்திரங்களைக் கயிறு கட்டிக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள். இங்கேயோ வேலை நடக்கும் இடத்தின் ஊடாகவே பார்வையாளர் நடக்கிறார். இந்தச் சுற்றின் தனிமதிப்பாக நான் கருதுவது இதைத்தான்.

ஜான் ஹாரிஸ் என்ற விவசாயி 1849இல் பார்லியை முளைகட்டி மால்ட் தயாரிக்கும் தொழிலை இங்கே தொடங்கினார். அவர் பீர் காய்ச்சியதற்கான முதல் பதிவு 1856ஆம் ஆண்டுக்குரியது. பின்னர் பான்பரி–செல்ட்டனம் ரயில்பாதைக்காக இப்பகுதிக்கு வந்து குவிந்த தொழிலாளர்களும், அதையடுத்து இரும்புக்கல் குவாரிகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் வியாபாரத்தைப் பெருக்கினார்கள். ஒரு சிற்றூருக்கு இவ்வளவு பெரிய ஆலை எதற்கு என்ற கேள்விக்கு விடை, உடலுழைப்பால் வறண்ட அவர்களின் தொண்டைகளில் இருக்கிறது. ஹாரிஸ் 1887இல் காலமானார். ஆலை இன்றும் அவருடைய வழிவந்தவர்களிடமே இருக்கிறது.

இப்போதுள்ள கட்டடம் 1900ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. லூயிஸ் நகரின் ஹார்வீஸ் ஆலையை வடிவமைத்த வில்லியம் பிராட்ஃபோர்டே இதையும் வடிவமைத்தார். கல், செங்கல், மரப்பலகை, வார்ப்பிரும்பு எல்லாம் கலந்து அடுக்கடுக்காக உயரும் இக்கோபுரத்தின் அழகைவிட அதன் பின்னுள்ள கணக்கு என்னை அதிகம் கவர்ந்தது. தண்ணீரையும் மால்ட்டையும் ஒருமுறை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டால், வெந்நீரில் ஊறி இனிப்புச் சாறாவது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் சேர்ந்து கொதிப்பது, ஆறுவது, ஈஸ்ட்டால் நொதிப்பது, பீப்பாயில் இறங்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் புவியீர்ப்பே அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும்; வழிநெடுக பம்பு வைத்து இறைக்க வேண்டிய வேலை பெருமளவு மிச்சமாகிறது.

அந்த ஏற்றும் வேலைக்காகவே, பர்ட்டன் நகரின் பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி நிறுவனம் செய்த 25 குதிரைத்திறன் நீராவி இயந்திரம் 1899இல் நிறுவப்பட்டது. கனத்த சக்கரமும் வெளியே தெரியும்படி அமைந்த தண்டுகளும் கொண்ட இது, மால்ட் அரைக்கும் எந்திரத்துக்கும் பம்புகளுக்கும் தண்டு, பட்டை, பற்சக்கரங்கள் வழியாக விசை அனுப்பியது. 2006 வரை இது அன்றாட உற்பத்திக்கே பயன்பட்டது. சுற்றின்போது இதன் அருகே அவசரப்படாமல் நின்று, ஒரு தண்டின் அசைவு எந்தத் தளத்தில் எதை இயக்கியிருக்கும் என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். கட்டடம் முழுவதுமே ஒரே இயந்திரம் என்பது அப்போது விளங்கும்.

ஆலையின் ஷயர் குதிரைகள் (பாரம் இழுக்கும் பெரிய உடல்வாகுள்ள இனம்) அக்கம்பக்கத்து மதுக்கடைகளுக்கு வண்டியில் பீப்பாய்களை இழுத்துச் செல்லும் வழக்கமும் தொடர்கிறது. பார்க்கக் கிடைத்தால் நல்லது.

சுவையைப் பொறுத்தவரை, ஜில்லென்று பரிமாறப்படும் லாகர் வகை பீர் பழகிய நாக்குக்கு இங்குள்ள பீர் முதலில் புதிதாக இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதித்து, நிலவறையின் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், கைப்பம்பால் இழுத்துப் பரிமாறப்படும் இந்த ‘ஏல்’ வகை பீரில் நுரைப்பும் சுள்ளென்ற வாயுவும் குறைவு. அதனாலேயே மால்ட்டின் மணம் தெளிவாகத் தெரிகிறது. 4.6 விழுக்காடு மதுச்செறிவுள்ள, இந்த ஆலையின் ‘ஓல்டு ஹுக்கி’ பீரில் பழவாசமும், வறுத்த தானியத்தின் இனிப்பும், கடைசியில் மெல்லிய கசப்பும் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் அருந்த முடியுமென்றால் இதையே தேர்ந்தெடுப்பேன்.

தளத்துக்குத் தளம் படியேற வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. நீராவி இயந்திரத்தை இயக்கிக் காட்டும் நாள் ஏதேனும் உண்டா என்பதையும் அப்போதே விசாரித்து, அந்த நாளுக்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.