185,000 ரூபா போச்சு: "ரெய்ட் கார்ட் செத்துட்டு" என்று சொன்னால் உடனே நம்பாதீங்க (கொழும்பு)

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் மாமாவின் கடையில் இருந்து 185,000 ரூபா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், பழுதே இல்லாத ஒரு ரெய்ட் கார்டை, அதாவது சேர்வரின் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டை, கழற்றியதற்கு. நடந்தது கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு ஒரு ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விடுபட்டது. பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லாத வேலை. திருத்தின கடையின் பெயரைப் போடவில்லை. காலி வீதிப் பக்கம் சேர்வர் விற்று, திருத்தி, வருட ஒப்பந்தத்தில் பராமரித்துக் கொடுக்கும் வகைக் கடை. அப்படியான கடைகளிடம் சேர்வரை ஒப்படைத்திருக்கிற ஆக்கள் எல்லாரும் இதை முழுக்க வாசியுங்கள்.

மெஷின் இதுதான்: அல்மாலினக்ஸ் 8 (ரெட் ஹாட் லினக்ஸின் இலவச மாற்று), எல்எஸ்ஐ மெகாரெய்ட் 9260-8ஐ கார்ட், ரெய்ட் 1-இல் (இரண்டிலும் ஒரே தரவு) இரண்டு டிஸ்க். ஸ்டொக், பில், கடன் கணக்கு எல்லாம் அதில். இந்தக் கார்டின் பிசிஐ எண் (கார்டின் வகையைக் கேர்னலுக்குச் சொல்லும் அடையாள எண்) 1000:0079. ரெட் ஹாட் 8 வந்தபோது மெகாரெய்ட் ட்ரைவரில் இருந்து இந்த எண்ணை எடுத்துவிட்டார்கள், அதன் வழியில் வரும் அல்மா, ரொக்கி இரண்டுக்கும் அப்போது அதே நிலைதான். கார்ட் பழுது என்பதால் இல்லை, பழைய ஹார்ட்வெயாருக்கு ஆதரவை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதனால் 8-இல் இந்தக் கார்டை ஓட்ட ஈஎல்ரெப்போ என்கிற களஞ்சியத்தில் இருந்து கேமொட் மெகாரெய்ட் பொதியை (கேர்னலுக்கு வெளியே இருந்து சேர்க்கும் ட்ரைவர்) தனியாகப் போட வேண்டியிருந்தது. முதலில் சேர்வரை அமைத்தவர் அதைச் சரியாகப் போட்டிருந்தார். பிரச்சினை இல்லாமல் ஓடியது.

பிறகு பராமரிப்பு இந்தக் கடையிடம் போனது. மாதாந்த அப்டேட் என்று வந்த டெக்னீஷியன் புதிய மைனர் பதிப்பின் கேர்னலை ஏற்றி ரீபூட் செய்தார். டிஎன்எஃப் (பொதிகளை நிறுவும் கருவி) வரலாற்றில் அது அப்படியே பதிவாகி இருக்கிறது. ஈஎல்ரெப்போ களஞ்சியம் அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் கேர்னல் மட்டும் முன்னுக்குப் போக, கேமொட் பழையதிலேயே நின்றுவிட்டது. பழைய கேமொட் புதிய கேர்னலின் குறியீடுகளோடு பொருந்தாவிட்டால் வீக்-அப்டேட்ஸ் கோப்புறையில் (பழைய கேமொட்டைப் புதிய கேர்னலோடு இணைக்கும் இடம்) அதற்கு இணைப்பு விழாது. அதற்குப் பிறகு உருவாகும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (டிஸ்க்கைத் திறக்கும் முன் நினைவகத்தில் ஏறும் சிறு தொகுப்பு) கேர்னலோடு வரும் மெகாரெய்ட் ட்ரைவர்தான் போகும். அதற்கு 0079 என்கிற எண்ணே தெரியாது. டிஸ்க்கைத் திறக்கிற ட்ரைவர் அந்த டிஸ்க்கிலேயேதான் கிடக்கிறது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின மாதிரிதான்.

திரையில் வந்தது "ட்ராகட் இனிட்க்யூ டைம்அவுட்" என்ற வரி, திரும்பத் திரும்ப (ட்ராகட் என்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவி). அதற்குப் பிறகு ரூட் பார்ட்டிஷன் இல்லை என்ற எச்சரிக்கை, கடைசியில் அவசர ஷெல் (கட்டளை மட்டும் அடிக்கக்கூடிய திரை).

மாமா நம்பிய இடம் இதுதான். டெக்னீஷியன் அந்த ஷெல்லில் பார்ட்டிஷன் பட்டியலை எடுத்துக் காட்டினார். வெறுமை. "பாருங்க முதலாளி, டிஸ்க் ஒண்டும் காட்டுதில்ல. கார்ட் செத்துட்டு. இன்னும் ரெண்டு தரம் ஒன் பண்ணினா டிஸ்க்கும் போயிடும்." மூடியைத் திறந்து கார்டின் பேட்டரியைக் காட்டினார், கொஞ்சம் வீங்கி இருந்தது. "இதுதான் காரணம்." ஷெல்லைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்பினார். தமிழ்ப் பொடியன், மரியாதையாகப் பேசினான், கண்ணுக்கு முன்னால் ஆதாரம் காட்டினான். கடையில் ஆக்கள் பில் போட முடியாமல் நிற்கும்போது மனுசன் வேறு என்ன செய்வார்? அன்றே 185,000 ரூபா காசாகக் கொடுத்தார். கார்ட் 145,000, டேட்டா மீட்பு 25,000, கூலி 15,000.

அந்த போட்டோவையே எடுத்துப் பார்ப்போம். அவசர ஷெல் திரையில் வந்திருக்கிறது. அது வர வேண்டுமென்றால் கிரப் (கேர்னலை ஏற்றிவிடும் மென்பொருள்) மெனு ஓடி, கேர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் டிஸ்க்கில் இருந்து வாசித்திருக்க வேண்டும். கிரப் வாசிப்பது கார்டின் சொந்த பயோஸ் வழியாக, லினக்ஸ் ட்ரைவர் அதற்குத் தேவையில்லை. அந்தச் சேர்வரில் வேறு டிஸ்க்கோ யூஎஸ்பியோ கிடையாது. செத்த கார்டில் இருந்து கேர்னல் எப்படி ஏறும்? கார்ட் செத்தது என்று நிரூபிக்க அனுப்பிய படமே கார்ட் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி.

பேட்டரிக் கதையும் பொய். பேட்டரி பழுதானால் இந்த வகைக் கார்ட் ரைட்-பேக்கில் (கார்டின் நினைவகத்தில் சேர்த்துப் பிறகு எழுதுவது) இருந்து ரைட்-த்ரூவுக்கு (நேரே டிஸ்க்கில் எழுதுவது) மாறும். எழுதும் வேகம் குறையும். டிஸ்க் காணாமல் போகாது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதான், ஆனால் அது வேறு, சின்னச் செலவு.

"டேட்டா மீட்பு 25,000" என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வரி. ரெய்ட் அமைப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும். அதே குடும்பத்து இன்னொரு கார்டில் மாட்டினால் வெளி அமைப்பு இருக்கிறது என்று அதுவே சொல்லும், இம்போர்ட் என்று கொடுத்தால் முடிந்தது. மீட்பு என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு கீயை அழுத்தியதற்கு 25,000.

புதுக் கார்ட் என்று விற்றது 9271-8ஐ. அது வேலை செய்ததற்குக் காரணம், அதன் எண் 1000:005பி இன்னும் 8-இன் ட்ரைவர் பட்டியலில் இருக்கிறது. அதைத்தான் "பாத்தீங்களா, கார்டை மாத்தினதும் வந்திட்டு" என்று ஆதாரமாகக் காட்டினார்கள். ஸ்டோர்சிஎல்ஐ கட்டளையில் கார்டின் முழு விவரத்தை எடுத்தால் தயாரித்த திகதி வரும். பார்த்தோம். பல வருடப் பழசு. பில்லில் "புதியது" என்று எழுதி இருக்கிறது.

கழற்றிய கார்டை "ஸ்க்ராப்புக்கு" என்று கொண்டு போயிருந்தார்கள். சண்டை பிடித்துத்தான் திரும்ப வாங்கினோம். வேறொரு மெஷினில் மாட்டி டெபியன் 12 லைவ் யூஎஸ்பியில் ஏற்றினால், தலைமைக் கேர்னலில் (ரெட் ஹாட் கை வைக்காத மூலக் கேர்னல்) 0079 இன்னும் இருப்பதால் ட்ரைவர் உடனே பிடித்துக்கொண்டது. பேட்டரியைத் தவிர எல்லாம் நலம்.

இதை எல்லாம் எடுத்துக்கொண்டு கேட்கப் போனால் வந்த பதில்கள்: "அந்தப் பொடியன் லீவு." "மெனேஜர் வெளியில, நாங்க கோல் பண்றோம்." கோல் வரவே இல்லை. வட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியாக ஒருவர்: "சேர், சொஃப்ட்வெயார் பிரச்சினைக்கு வொரண்டி இல்ல." சொஃப்ட்வெயார் பிரச்சினை என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள்! அப்படியென்றால் 185,000 ரூபாவை ஹார்ட்வெயாருக்கு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். கிரப் மெனுவில் முந்தைய கேர்னலைத் தெரிவு செய்வது. இயல்பாகவே மூன்று கேர்னல்கள் வரை வைத்திருக்கும், பழையது அழியாது. மெனு தெரியாவிட்டால் ஏறும்போது எஸ்கேப் கீ. உள்ளே வந்ததும் ஈஎல்ரெப்போவைத் திறந்து கேமொட்டைப் புதுப்பித்து, புதிய கேர்னலின் பதிப்பு எண்ணைக் கொடுத்து ட்ராகட்டால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டாயமாக மறுபடி உருவாக்குவது. ரீபூட்டுக்கு முன்னால் எல்எஸ்இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பாருங்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெகாரெய்ட் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது, இரண்டு ட்ரைவருக்கும் ஒரே பெயர். பாதை எக்ஸ்ட்ரா அல்லது வீக்-அப்டேட்ஸ் என்று இருக்க வேண்டும். ட்ரைவர்ஸ், ஸ்கசி என்ற பாதை மட்டும் இருந்தால் அது கேர்னலோடு வந்தது, திரும்பவும் அதே ஷெல்தான். புதிய கேர்னலைக் குறித்து மொட்இன்ஃபோ (ட்ரைவரின் விவரத்தைக் காட்டும் கட்டளை) போட்டு 0079-ஐத் தேடினாலும் தெரிந்துவிடும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் ஈஎல்ரெப்போவின் சாவியையும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கேர்னல் அந்த ட்ரைவரை ஏற்காது. பொருந்தும் கேமொட் இன்னும் வெளிவரவில்லை என்றால் டிஎன்எஃப் வேர்ஷன்லொக்கில் கேர்னலை நிறுத்தி வையுங்கள்.

எச்சரிக்கைகள் நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவை மட்டும்.

சாஸ்2008 சிப் உள்ள 9211-8ஐ (1000:0072), டெல் பேர்க் 6/ஐ (1000:0060), எச்பி பி410 வைத்திருக்கிறவர்களுக்கும் 8-இல் இதே கதை வரலாம், எல்எஸ்பிசிஐ கட்டளையில் உங்கள் எண்ணை இன்றே பாருங்கள். கார்ட் செத்தது என்று யாராவது சொன்னால் முதலில் பழைய கேர்னலில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், 9260 என்றால் ஏறும்போது கொன்ட்ரோல்-எச் அழுத்தி ரெய்ட் "ஒப்டிமல்" என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். டிஸ்க்கை வேறு கார்டில் போடும்போது "கிளியர்", "இனிஷியலைஸ்" இரண்டிலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள், கணக்கு முழுக்கப் போய்விடும். கழற்றிய பாகத்தைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். பில்லில் சீரியல் எண் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 185,000 ரூபா பில், டிஎன்எஃப் வரலாறு, அந்த வட்ஸ்அப் போட்டோ மூன்றையும் இணைத்து எங்களுடையது போகிறது.